நானூற்றுப் பன்னிரண்டு

ஈரடுக்குப் பாலத்தின் அடியில்
இருநூற்றைம்பது சொன்னான், நூற்றெண்பதுக்குக் கொடுத்தான்.
"யுனிவர்சல் சார். உலகத்துக்கே ஒண்ணு.
டிவி, கேபிள் டப்பா, ஆம்ப்ளிஃபயர்,
எதுவானாலும் சொன்னபடி கேக்கும்."
என் வீட்டில் இருக்கிற உலகு,
தென்காசிக்காரி, முழுப்பெயர் உலகம்மாள்,
பதினோரு நாளாக ஒன்றும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை
என்பதை அவனிடம் எதற்குச் சொல்ல.

சீட்டு எடுத்தது அவள்.
போர் போடுவதற்கென்று வைத்திருந்தாள்.
ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பெட்டியுமாக
ஆட்டோவில் வந்து இறங்கினேன் நான்.
பீரோ மேல் இரண்டு, அலமாரியில் இரண்டு,
சாமி படத்துக்குக் கீழே ஒன்று.
அன்று ராத்திரி இரண்டு ரிமோட் சுவரில் மோதின.
எறிந்தது யாரென்று இதில் எழுதப் போவதில்லை.
மூன்றாவது ரசத்தில் விழுந்தது தற்செயல்.

அதன்பின் பேச்செல்லாம் தட்டு வைக்கிற சத்தம்தான்.
மெல்ல வைத்தால் இன்னும் சோறு இருக்கிறது.
ணங்கென்று வைத்தால் குழம்பு தீர்ந்துவிட்டது.

பேட்டையில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவன் நான்.
எண் வாசிப்பதுதான் பிழைப்பு.
ஆனால் ரிமோட்டோடு வந்த தாளில்
கடுகைவிடச் சின்ன எழுத்து.
கண்ணாடியை எவர் வீட்டு மீட்டர் பெட்டி மேலோ
வைத்துவிட்டு வந்திருந்தேன்.
தாளைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து,
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கியபோது
அடுப்படியிலிருந்து வந்த ஒரு கை அதைப் பிடுங்கியது.

"நூத்தி ஒண்ணு."

செட் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சிவப்பு விளக்கு.
ஒன்று, சுழி, ஒன்று. டிவி அசையவில்லை.
"நூத்தி நாலு."
இல்லை.
"நூத்திப் பதினேழு."
தலையை ஆட்டினேன்.
எங்கள் டிவியின் கம்பெனிப் பெயர் அந்தத் தாளில் கிடையாது.
எந்தத் தாளிலும் இருக்காது, டவுனில் ஒருத்தர்
தானே பூட்டித் தானே பெயர் வைத்து விற்றது.
ஆகவே ஜப்பான் எண், கொரியா எண்,
இழுத்து மூடிப்போன கம்பெனிகளின் எண்,
ஒன்றையும் விட வழியில்லை.

முதலில் எண்ணிலேயே கோபம் இருந்தது.
இருநூறு தாண்டியதும் ஓர் இழுவை.
"இரநூத்தி முப்பத்தாறு" என்பதில் பாதி கொட்டாவி.
முந்நூறுகளில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்,
கால் வலிதான், வேறொன்றுமில்லை.
எள்ளுத் துவையல் அரைத்த விரல் பட்டு
தாளில் ஒரு வரிசை முழுக்க எண்ணெய்.

எத்தனையோ எண்ணுக்கு அப்புறம்
ஒன்றை அடித்தேன், ஒன்றுமில்லையென்று
அடுத்ததையும் அடித்து முடித்தபோது
திரை மெதுவாக நீலமாயிற்று.
வந்தது இதற்கா, முன்னதற்கா?

"செத்தப் பொறுக்க மாட்டீங்களா?
அது முழிக்கதுக்கு முன்னால அடுத்ததுக்குத் தாவிட்டா?
சீட்டுக் காசுலயும் இதே அவசரந்தான் ஒங்களுக்கு."

பதினோரு நாளில் எண் அல்லாத முதல் பேச்சு.
வாங்கிக்கொண்டேன். அணைத்தேன்.
முன்னதையே மறுபடி அடித்துவிட்டு
இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.
நானூத்திப் பன்னெண்டு.
பேட்டரி மாற்றினால் மறந்துபோகுமாம்.
காலண்டரில் பால்கணக்குக்குக் கீழே எழுதிவைத்தாள்.
மாசக் கடைசியில் பால்காரர் சந்தோஷப்படுவார்.

படம் வந்தது, சத்தம் வரவில்லை.
சத்தமெல்லாம் ஆம்ப்ளிஃபயர் வழி.
அதற்கு வேறு தாள், பின்பக்கம்,
இதைவிடப் பொடி எழுத்து.
செய்தி வாசிக்கிறவன் வாயை மட்டும் அசைத்தான்.

"நாளைக்கு மழையாம்," என்றாள்.
"எப்படித் தெரியும்?"
"வாயப் பாத்தாத் தெரியாதா.
இத்தன நாளும் இங்க ஒருத்தர்
சத்தமில்லாமத்தானே முணுமுணுத்துக்கிட்டு அலைஞ்சாரு."

தாளைத் திருப்பப் போனேன்.
"சோறு ஆறுது," என்றாள்.